நஞ்சூறிய நிலத்துக்கு யார் பொறுப்பு? - மால்வேர்னின் மண்ணும் யூனியன்வில்லின் மௌனமும்

மால்வேர்னுக்கும் யூனியன்வில்லுக்கும் இடையிலான தூரம் வாகனத்தில் அரைமணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் ரொறன்ரோப் பெரும்பாகத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அத்தூரத்தைக் கடக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடித்தன. ஸ்காபுறோவின் அடுக்குமாடியொன்றில் தொடங்கி, மால்வேர்னின் நெருக்கமான வீடொன்றுக்கு நகர்ந்து, கணவனும் மனைவியும் இரவு பகல் மாறி மாறி வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஸ்டீல்ஸ் அவெனியூவைக் கடந்து, நல்ல பாடசாலைகள் உண்டென்று யூனியன்வில்லில் வீடு வாங்கியோரின் கதை புலம்பெயர் வாழ்வின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் பெருமை கொள்வதற்கு நியாயம் உண்டு. ஆனால் அப்பெருமையோடு கூடவே ஒரு மறதியும் குடிபுகுந்துவிட்டது.

நகரங்களிலுள்ள பழைய தொழிற்சாலை நிலங்களை அரச பணத்தில் துப்புரவாக்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யூனியன்வில் வரவேற்பறைகளில் கேட்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "எவனோ கொட்டிய நஞ்சுக்கு எங்கள் வரிப்பணமா?" நியாயமானது போலத் தோன்றும் இக்கேள்வி உண்மையில் அரைக்கேள்விதான். கொட்டியவன் கடையை மூடிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? கொட்டப்பட்டதை அறிந்தும் அரசே வாளாவிருந்தால் என்ன செய்வது? அந்த மண்ணின்மேல் வீடுகட்டிக் குடியிருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது? கேள்வியின் மற்றைய அரைப்பங்கு இதுவே. அதைக் கேட்க எவரும் முன்வருவதில்லை.

விடை தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை. அது மால்வேர்னின் மண்ணிலேயே புதைந்து கிடந்தது.

மக்ளூர் தெருவில் நடந்தது

1940களில், மால்வேர்ன் வெறும் வயலாக இருந்த காலத்தில், அங்கிருந்த பண்ணையொன்றில் ரேடியம் தொடர்பான பரிசோதனை வேலைகள் நடைபெற்றன. இருளில் ஒளிரும் கருவி முகப்புகளுக்குப் பூசப்பட்ட மைக்கு அக்காலத்தில் ரேடியமே பயன்பட்டது. போர் முடிந்தது. வேலை நின்றது. செய்தவர் போய்விட்டனர். கதிரியக்கம் மட்டும் மண்ணில் தங்கிவிட்டது. 1950களில் அரசு அப்பகுதி நிலங்களை வீடமைப்புக்கென எடுத்துக்கொண்டது. 1970களில், நடுத்தர வருமானத்தினரும் சொந்த வீடு காணவேண்டும் என்ற மாகாணத் திட்டத்தின் கீழ் அங்கு வீடுகள் எழுந்தன. சந்தை விலையில் வீடு வாங்க வசதியற்ற இளந்தம்பதியர் அவற்றை வாங்கிக் குடியேறினர்.

1980இல் மக்ளூர் கிரசென்ற் என்னும் தெருவின் வீட்டுத் தோட்டங்களில் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. குழந்தைகள் விளையாடிய முற்றம் அது. தக்காளி நட்ட பாத்தி அது. வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பார்க்க, கருவிகளோடு வந்த அதிகாரிகள் மண்ணை அளந்தனர். அளந்தபின் அந்த மண்ணை எங்கு கொண்டுபோவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எந்த ஊரும் அதை ஏற்க விரும்பவில்லை. மாகாண அரசு வீடுகளை மீள வாங்கிக்கொள்ள முன்வந்தது. சிலர் விற்றுவிட்டுப் போயினர். சிலர் நின்றனர். நின்றவர்கள் வழக்குத் தொடுத்தனர்.

அவ்வழக்கில் 1987இல் ஒன்ராறியோ நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு யூனியன்வில் வரவேற்பறைகளில் உரத்து வாசிக்கப்பட வேண்டியது. அந்நிலத்தில் கதிரியக்கப் பொருள் இருந்தமை 1945இலேயே மாகாண அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. பொதுச் சுகாதாரச் சட்டம் அவர்களுக்கு அதிகாரமும் கடமையும் அளித்திருந்தது. இருந்தும் நிலம் துப்புரவாக்கப்படவில்லை. ஆகவே அரசே பொறுப்பு என்றது நீதிமன்றம். 1989இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 1945இல் சில பாரவூர்திகளோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு வேலை, நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் நீதிமன்றப் படியேறி, இழப்பீடாகவும் வழக்குச் செலவாகவும் வரியிறுப்போரிடமே திரும்பி வந்தது.

தீர்ப்போடும் துயரம் முடியவில்லை. 1990இல் அருகிலிருந்த மக்லெவின் அவெனியூப் பகுதியிலும் அதே மாசு கண்டுபிடிக்கப்பட்டது. மத்திய அரசும் மாகாண அரசும் கூட்டாகப் பணமிட்டு மண்ணை அகழ்ந்தெடுக்க 1995 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்! செய்தி முதலில் வெளியான ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் உயர்பள்ளிக்குப் போய்விட்டது. அந்தப் பதினைந்து ஆண்டுகளின் பிற்பாதியில்தான், 1983 ஆடிக்கலவரத்தின் பின் கனடா வந்த தமிழர்கள் மால்வேர்னில் கணிசமாகக் குடியேறத் தொடங்கினர். அவர்களுள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? தமிழில் அதை அவர்களுக்குச் சொன்னவர் யார்?

பீதியைக் கிளப்புவது இங்கு நோக்கமன்று. மண் அகற்றப்பட்டது, அத்தெருக்கள் வழமை வாழ்வுக்குத் திரும்பின. அகற்றப்பட்ட மண்ணின் பெரும்பகுதி ஸ்காபுறோவின் வட எல்லையில், பாஸ்மோர் அவெனியூவில் ஒரு மேடாகக் குவித்து மூடப்பட்டது. அங்கிருந்து ஸ்டீல்ஸ் அவெனியூவைத் தாண்டினால் மார்க்கம். "அது ஸ்காபுறோக்காரரின் பிரச்சினை" என்போர், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கவனிக்கவேண்டியது ஒன்று. மக்ளூர் தெருவினர் ஆங்கிலம் அறிந்தவர்கள். சட்டத்தரணி அமர்த்தத் தெரிந்தவர்கள். தொலைக்காட்சியைக் கூப்பிடத் தெரிந்தவர்கள். அவர்களுக்கே பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

'நஞ்சிட்டவரே செலுத்துக' என்னும் சட்டமும் அதன் ஓட்டைகளும்

மாசுபடுத்தியவரே துப்புரவுச் செலவை ஏற்கவேண்டும் என்பது கனடிய சட்டத்தில் வேரூன்றிய கோட்பாடு. 2003இல் உச்ச நீதிமன்றம் இம்பீரியல் ஒயில் நிறுவனத்தின் வழக்கில் அதை உறுதி செய்தது. கியூபெக் மாகாணத்தின் லெவி நகரில் அந்நிறுவனம் முன்பு எரிபொருள் களஞ்சியம் நடத்திய நிலத்தில் பின்னர் வீடுகள் கட்டப்பட்டிருந்தன. நிலத்தை ஆய்வு செய்யுமாறு அமைச்சர் இட்ட ஆணை செல்லும் என்றது தீர்ப்பு. நல்லது. ஆனால் அங்கே பிடிக்க ஆள் இருந்தார், அவரிடம் பணமும் இருந்தது. ஆள் இல்லாத இடத்தில்?

ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ் நகரில் நோர்த்ஸ்ரார் ஏரோஸ்பேஸ் என்ற விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை இருந்தது. அங்கு உலோகத்தைக் கழுவப் பயன்பட்ட கரைப்பான் நிலத்தடி நீரில் கலந்து, ஆவியாகி, அயல் வீடுகளின் நிலவறைகளுக்குள் புகுந்தது. 2012இல் நிறுவனம் கடன்தீர்க்க வல்லமையற்று வீழ்ந்தது. துப்புரவுப் பணி மாகாண அமைச்சின் தலையில் விழுந்தது. அமைச்சு முன்னாள் இயக்குநர்களைத் துரத்திப் பிடித்து 2013இல் 47.5 இலட்சம் டொலரில் உடன்பாடு கண்டது. நோய்க்கு மருந்து இல்லையென்று எவரும் சொல்லவில்லை. நோயாளி இறந்தபின் மருந்துச்சீட்டு வருவதே சிக்கல்.

நிறுவனம் உயிரோடும் பெருஞ்செல்வத்தோடும் இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். போர்ட் கொல்போர்னில் இன்கோ நிறுவனத்தின் நிக்கல் ஆலை பல தசாப்தங்களாகப் புகைத்துத் தள்ளியது. நிலத்தின் பெறுமதி குறைந்ததென ஏறத்தாழ ஏழாயிரம் வீட்டுரிமையாளர் தொடுத்த வழக்கில் 2010இல் 36 மில்லியன் டொலர் தீர்ப்பாயிற்று. 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை முற்றாக நீக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது. கையில் கிடைத்த தீர்ப்பும் இரண்டே ஆண்டுகளில் காற்றில் போயிற்று.

இன்னொரு ஓட்டை தமிழ் வணிகர்கள் கவனிக்கவேண்டியது. ஒன்ராறியோவின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மாசுபடுத்தியவருக்கு மட்டுமன்றி நிலத்தின் இன்றைய உரிமையாளருக்கும் துப்புரவு ஆணை இடலாம். குற்றமற்றவர் என்பது தப்பும் வழியன்று. கவார்த்தா லேக்ஸ் மாநகரசபை, ஒரு தனியார் வீட்டிலிருந்து கசிந்து தன் நிலத்துக்குள் ஓடிவந்த எண்ணெய்க்காக ஆணையிடப்பட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போயும் 2013இல் தோற்றது. மாநகரசபைக்கே இக்கதி. காஸ் ஸ்டேஷன் இருந்த காணியையோ, ட்ரை கிளீனிங் கடை முப்பது ஆண்டு நடந்த பிளாசாவையோ, விலை மலிவென்று ஆய்வறிக்கையைப் புரட்டிப் பாராமல் வாங்கும் குடும்பத்தின் கதி என்னவாகும்? உலர்சலவைக் கடைகள் பயன்படுத்திய பேர்க் என்னும் கரைப்பான் சீமெந்துத் தளத்தையும் ஊடுருவிக் கீழிறங்கும் தன்மையது. கடை போனபின்னும் அது போவதில்லை. வங்கி கடன் மறுக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அந்த நேரத்தில், "எங்கள் வரிப்பணமா?" என்று கேட்ட அதே வாய் அரச உதவி உண்டா என்று கேட்கும்.

பணம் இல்லையா, அல்லது மனம் இல்லையா?

பணம் இல்லை என்பது பொய். தேவையென அரசு கருதிய இடங்களுக்குப் பணம் வந்தே இருக்கிறது.

நோவா ஸ்கோசியாவின் சிட்னி நகரில் உருக்காலையும் அதன் கரியடுப்புகளும் விட்டுச்சென்ற தார்க்குளங்களைத் துப்புரவாக்க 2004இல் மத்திய, மாகாண அரசுகள் 400 மில்லியன் டொலர் ஒதுக்கின. 2013இல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப் நகரில் ரேடியமும் யுரேனியமும் சுத்திகரித்த எல்டொராடோ நிறுவனம், 1944இல் அரசுடைமையாக்கப்பட்டது. அது ஊரெங்கும் பரப்பிவிட்ட கழிவை அகற்ற 2012இல் மத்திய அரசு 1.28 பில்லியன் டொலர் அறிவித்தது. மத்திய அரசு தன் பொறுப்பிலுள்ள மாசுற்ற நிலங்களுக்கென 2005 முதல் தனித் திட்டமொன்றை நடத்தி, பல பில்லியன் டொலரைச் செலவிட்டு வருகிறது.

ரொறன்ரோவின் ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோர் வியந்துபோவர். டொன் ஆறு ஏரியில் கலக்கும் இடத்திலிருந்த பெருஞ்சதுப்பு நிலத்தை 1910களிலிருந்து துறைமுக ஆணையம் நிரப்பித் தொழில் நிலமாக்கியது. நிலக்கரிக் குவியல்களும் எண்ணெய்த் தாங்கிகளும் அங்கு ஒரு நூற்றாண்டு ஆண்டன. 2017இல் மூன்று மட்ட அரசுகளும் 1.25 பில்லியன் டொலர் இட்டன. நஞ்சூறிய மண் அகழப்பட்டது, ஆற்றுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது, புதிய தீவு உருவானது. அதற்கு 2024இல் ஒக்வெமின் மினிசிங் என அனிஷினாபே மொழிப் பெயர் சூட்டப்பட்டது. 2025 ஜூலையில் பிடாசிகே பூங்கா திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் மேலும் 975 மில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கு பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள்.

இது நல்ல வேலை. மறுப்பதற்கில்லை. நிலத்தின் பெரும்பகுதி பொதுவுடைமையாக இருப்பதால், துப்புரவால் உயரும் பெறுமதி பொதுமக்களிடமே திரும்பிவர வழியுண்டு. உலகத் தமிழர் எவர் ரொறன்ரோ வந்தாலும் அழைத்துச்சென்று காட்டத்தக்க இடம் அது. கேள்வி வேறு. ஏரிக்காற்றும் நகரக் காட்சியும் உள்ள இடத்துக்கு ஏழெட்டு ஆண்டுகளில் 200 கோடி டொலருக்கு மேல் வரும்போது, காட்சியற்ற இடங்களுக்கு என்ன வருகிறது?

வருவது வரிச்சலுகை. பழைய தொழில் நிலத்தைத் துப்புரவாக்கும் உரிமையாளருக்குச் சில ஆண்டுகளுக்குச் சொத்துவரியைக் குறைக்கவோ நீக்கவோ மாநகரசபைகளுக்கு ஒன்ராறியோ சட்டம் இடமளிக்கிறது. அந்நிலத்தின் கல்வி வரியையும் மாகாணம் விட்டுக்கொடுக்கலாம். ஹமில்ரன் மாநகரசபை இன்னும் துணிந்து, 2001 முதல் இரேஸ் என்னும் திட்டத்தின் கீழ் ஆய்வுச் செலவில் பங்கேற்று, துப்புரவின் பின் கூடும் வரியிலிருந்து செலவைத் திருப்பிக் கொடுத்துவருகிறது. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் வரிச்சலுகையின் கணக்கு எளிது: துப்புரவாக்கினால் பெருவிலை போகும் நிலத்துக்கே அது உதவும். துப்புரவுச் செலவு நிலத்தின் விலையையே விழுங்கிவிடும் இடத்தில் எந்த உரிமையாளரும் வரிச்சலுகைக்காக மண்ணைத் தோண்டப்போவதில்லை. அத்தகைய நிலங்கள் எங்கே இருக்கின்றன? வருமானம் குறைந்தோர், புதிதாக வந்தோர், ஆங்கிலம் தடுமாறுவோர் வாழும் அயல்களில்.

கனடா முழுவதும் முப்பதாயிரம் வரையிலான இத்தகைய நிலங்கள் இருக்கலாம் என 2003இல் சுற்றாடலுக்கும் பொருளாதாரத்துக்குமான தேசிய வட்டமேசை அமைப்பு அறிக்கையிட்டது. தேசிய மூலோபாயம் ஒன்றையும் முன்வைத்தது. ஒரு தசாப்தத்தில் மத்திய அரசு அந்த அமைப்பையே கலைத்துவிட்டது. நிலங்கள் மட்டும் கலையவில்லை. அதற்கு முன்னரே, 1989இல், உரிமை கோர ஆளற்ற மாசு நிலங்களுக்கென 250 மில்லியன் டொலர் தேசியத் திட்டமொன்று தொடங்கப்பட்டிருந்தது. 1995இல் அது முடிவுக்கு வந்தது. அதன் இடத்தை நிரந்தர நிதியம் எதுவும் எடுக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் நிலை வேறு. நயாகராவின் அமெரிக்கக் கரையில், லவ் கனால் என்ற குடியிருப்பு இரசாயனக் குப்பையின்மேல் கட்டப்பட்டிருந்தமை 1978இல் உலகறிய வந்தது. 1980இல் அமெரிக்கா சுப்பர்ஃபண்ட் சட்டத்தை இயற்றி, எண்ணெய், இரசாயனத் தொழில்கள்மேல் வரி விதித்து நிதியம் அமைத்தது. 1995இல் அவ்வரி காலாவதியாக விடப்பட்டதும் செலவு பொதுமக்கள் தலையில் ஏறியது. 2021, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களால் வரி மீண்டும் கொண்டுவரப்பட்டது. குறைகள் அதில் ஏராளம். ஆனால் நஞ்சு விற்று இலாபம் ஈட்டும் தொழிலே நஞ்சகற்றும் நிதிக்குப் பணம் தரவேண்டும் என்ற அடிப்படையாவது அங்கே சட்டமாக இருக்கிறது. "எங்கள் வரிப்பணமா?" என்று கேட்கும் யூனியன்வில் தமிழர் கோரவேண்டியது இதைத்தான். பணமே போடாதே என்று சொல்வது வேறு. யாரிடமிருந்து எடுத்துப் போடவேண்டும் என்று சொல்வது வேறு.

யூனியன்வில்லுக்கு இதில் என்ன?

யூனியன்வில்லின் மெயின் ஸ்ரீட்டில் கோடை மாலைகளில் குளிர்களி உண்டபடி நடப்போருக்கு நஞ்சு நிலம் பற்றிய பேச்சு அந்நியமாகத்தான் தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு அழகிய சிற்றூர் தேவைப்பட்டபோது இங்கு வந்து படம்பிடித்தனர் என்றால் வேறென்ன சொல்வது! தொடருந்துப் பாதையோரத்துப் பழைய ஸ்ரைவர் தானிய ஆலையை மார்க்கம் மாநகரசபை வாங்கி, புதுப்பித்து, சமூகக் கூடமாக்கியது. வாரச்சந்தையும் அங்கே கூடுகிறது. அப்போது எவரும் "எவனோ கட்டிய ஆலைக்கு எங்கள் பணமா?" என்று கேட்டதில்லை. கேட்கவேண்டியதும் இல்லை. அழகிய பழைய ஆலை பொதுச்சொத்தாகிறது. அவலட்சணமான பழைய ஆலை அயலவரின் தலைவிதியாகிறது. அவ்வளவே வேறுபாடு.

ஆனால் நகர நிலம் நஞ்சோடு வேலியடைத்துக் கிடப்பதன் விலையை யூனியன்வில்லும் செலுத்துகிறது. 2022 டிசம்பரில் மாகாண அரசு பசுமைவலயத்திலிருந்து 7,400 ஏக்கரை வெட்டியெடுத்தபோது சொன்ன காரணம் வீடுகட்ட நிலம் இல்லை என்பதே. வெட்டப்பட்ட நிலங்களுள் மார்க்கம் மாநகரின் நிலமும் இருந்தது. நிலப் பற்றாக்குறை பிரச்சினைக்குக் காரணமன்று என்று அரசே அமைத்த வீடமைப்புச் செயலணி அவ்வாண்டு பெப்ரவரியிலேயே கூறியிருந்தது. 2023 ஓகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம், நில உரிமையாளருக்கு அதனால் கிடைக்கக்கூடிய பெறுமதி உயர்வு 8.3 பில்லியன் டொலர் எனக் கணக்கிட்டார். மக்கள் கொதித்தெழ, செப்டம்பரில் முதல்வர் முடிவைத் திரும்பப் பெற்றார். இம்முறை திரும்பிற்று. அடுத்த முறை?

நீரும் மின்சாரமும் கழிவுக்குழாயும் பேருந்தும் ஏற்கெனவே வந்துசேர்ந்த நகர நிலத்தை நஞ்சோடு கைவிட்டுவிட்டு, நெற்றிவியர்வை சிந்தி உழுத விளைநிலத்தின்மேல் கொங்கிறீற் ஊற்றுவது எந்த ஊர் அறிவு? யூனியன்வில்லின் டூகுட் குளத்து நீர் ரூஜ் ஆற்றில் கலந்து, ஸ்காபுறோவின் கிழக்கெல்லையூடாக ஏரியை அடைகிறது. மேலே வயல் போனால் கீழே வெள்ளம் வரும். பிள்ளைகளுக்கு யூனியன்வில்லில் வீடு வாங்க இயலவில்லையே என ஏங்கும் பெற்றோர், பிள்ளைகள் வாழக்கூடிய வீடுகள் எங்கெல்லாம் கட்டப்படாமல் கிடக்கின்றன என்று எண்ணிப்பார்த்தால் விடை அந்த வேலிகளுக்குள் இருக்கும்.

பணத்தை அள்ளி இறைத்தால் போதும் என்பதும் மடமை. 1988இல் ரொறன்ரோ மாநகரசபையும் மாகாண அரசும் மேற்கு டொன் நிலங்களில் அத்தராத்திரி என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திட்டமிட்டு, நிலத்தை வாங்கிக் குவித்தன. மண் எவ்வளவு நஞ்சூறியது, வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பவை பின்னரே விளங்கின. 1992இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்நிலம் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் வெறுமையாகக் கிடந்து, 2015 பான் அமெரிக்க விளையாட்டுக்கென வீரர் குடியிருப்பு எழுந்தபோதே உயிர்பெற்றது. ஆய்வு முதலில், பணம் அடுத்து என்ற ஒழுங்கு அங்கே தலைகீழாயிற்று.

சுன்னாகத்துக்கு ஒரு நீதி, ஸ்காபுறோவுக்கு ஒரு நீதியா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. கிணறே உயிர். சுன்னாகம் மின்நிலைய வளாகத்திலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது, கிணற்று வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்த படங்கள் ரொறன்ரோ முதல் இலண்டன்வரை தமிழர் உள்ளத்தை உலுக்கின. புலம்பெயர்ந்தோர் குரல் எழுப்பினர். அது செய்யவேண்டிய வேலையே. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அன்றைய நாணயமாற்றில் அது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கனடிய டொலர். யூனியன்வில்லில் ஒரு வீட்டின் முற்பணத்துக்கே போதாத தொகை, ஓர் ஊரின் கிணறுகளுக்கு!

அத்தீர்ப்பைக் கேட்டு "இது என்ன நீதி? அரசு அல்லவா முன்னின்று துப்புரவாக்க வேண்டும்?" என்று கேட்டவர்கள் சரியாகவே கேட்டனர். அதே மக்கள், தாம் வரி செலுத்தும், வாக்களிக்கும், பிள்ளை வளர்க்கும் மாகாணத்தில் அதே கேள்வி எழும்போது கணக்குப்பிள்ளையாக மாறிவிடுவது ஏன்? சுன்னாகத்தில் அரசு பொறுப்பு, ஸ்காபுறோவில் மட்டும் அவரவர் தலைவிதியா? பிறந்த மண் என்பதற்காக ஒரு நீதியும் வந்த மண் என்பதற்காக இன்னொரு நீதியும் இருக்கமுடியாது. இளையோர் இம்முரணைப் பெற்றோரைவிட விரைவில் கண்டுகொள்கின்றனர். அவர்களுக்கு இரண்டும் நிலமே.

கோரப்படவேண்டியது என்ன என்பதில் மயக்கம் தேவையில்லை. எண்ணெய், இரசாயனத் தொழில்களின்மேல் விதிக்கும் தீர்வையால் நிரம்பும் நிரந்தர நிதியம் ஒன்றை ஒன்ராறியோ அமைக்கவேண்டும். ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் கையேந்தும் நிலை ஒழியவேண்டும். எந்த நிலம் முதலில் என்பதை ஏரிக்காட்சி தீர்மானிக்கக்கூடாது. அயலில் எத்தனை பேர் வாழ்கின்றனர், நஞ்சு அவர்களை எவ்வளவு நெருங்கியுள்ளது என்பவை தீர்மானிக்கவேண்டும். தனியார் நிலத்தில் பொதுப்பணம் போனால், துப்புரவால் கூடிய பெறுமதியில் பொதுமக்களுக்குரிய பங்கு நில உறுதியிலேயே பதியப்படவேண்டும். அப்பங்கு கட்டுபடியான வாடகை வீடுகளாகத் திரும்பிவரலாம். அவ்வாறு பதிய மறுக்கும் கட்டடக் கம்பனிக்கு ஒரு டொலரும் கொடுக்கக்கூடாது. பொதுப்பணத்தில் நஞ்சை அகற்றி, ஆடம்பர மாடிகளை எழுப்பி, இலாபத்தைத் தனியே விழுங்குவதற்கு உதவித்தொகை என்று பெயரிடுவது கேலிக்கூத்து. அகழ்ந்தெடுக்கும் மண் எங்கே போகிறது என்பதும் வெளிப்படையாக வேண்டும். 2019இல் இயற்றப்பட்ட மிகைமண் ஒழுங்குவிதி அதற்கென வந்தது. நகரத்து மண் இரவோடிரவாக நாட்டுப்புற வயல்களில் கொட்டப்பட்ட கதைகள் அவ்விதிக்கு முன்னோடி.

மொழியும் இதில் சேரவேண்டும். ஒன்ராறியோவில் தொழில் நிலத்தை வீட்டு நிலமாகவோ பாடசாலையாகவோ பூங்காவாகவோ மாற்றுமுன் நில நிலைப் பதிவு ஒன்றைச் சமர்ப்பிக்கவேண்டும். அப்பதிவேடு பொதுமக்கள் இணையத்தில் பார்க்கக்கூடியது. பொறியியலும் வேதியியலும் படித்த தமிழ் இளையோர் யூனியன்வில்லில் நிறைந்திருக்கின்றனர். தாத்தா பாட்டி இன்னும் வாழும் மால்வேர்ன் தெருவைச் சுற்றி எந்தெந்த நிலம் அப்பதிவேட்டில் உண்டு, எது இல்லை என்று பார்த்துத் தமிழில் எழுதி வைப்பது ஒரு கோடை விடுமுறைக்குரிய வேலையே. மக்ளூர் தெருவினருக்கு அப்படியொரு பதிவேடு இருக்கவில்லை.

பெற்றோருக்கு அதைவிட எளிதான வேலை உண்டு. மார்க்கம் மாநகரசபையின் கூட்ட நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே வெளியாகிறது. எழுந்து பேச எவரும் பதிவுசெய்யலாம். மாகாணத் தேர்தலிலும் மாநகரசபைத் தேர்தலிலும் கோயில் வாசலில் கைகூப்பி வரும் வேட்பாளரிடம், பொங்கல் வாழ்த்தைப் பெற்றுக்கொண்டபின், நிதியத்துக்கு வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, விடையைத் திகதியிட்டு எழுதிக்கொள்ளலாம்.